லட்சத்தீவை மாலத்தீவு ஆக்காம ஒரு டூர்

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்லை மக்களே. இன்னும் கிளம்பவே இல்லை. திட்டம் போடுற கட்டத்துலயே எங்க வீட்டுல நடந்துக்கிட்டிருக்கிற பஞ்சாயத்தும், அதுல என்னோட கட்சியும்தான் இது. நீலத் தண்ணி போட்டோ எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அப்பீட்டு ஆகிக்கலாம் :-)

"மாலத்தீவுல போய் டாலரைக் கொட்டுறதுக்கு நம்ம லட்சத்தீவுக்கே போகலாமே சார்!"

2024 ஜனவரியிலிருந்து இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. அந்த மாச ஆரம்பத்துல பிரதமர் அங்கே போய் ஸ்னார்க்லிங் செய்த படங்கள் வந்தது, அதைக் கிண்டலடிச்ச மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூணு பேர் பதவியிலிருந்து இடைநீக்கம் ஆனது, ஆளாளுக்கு மாலத்தீவு டிக்கெட்டை ரத்து பண்ணி அதைப் படம் பிடிச்சுப் போட்டது... எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தேசபக்தியும் கடற்கரையும் ஒரே பாக்கேஜ்ல கிடைச்சா யாருக்குத்தான் கசக்கும்?

எனக்கு அந்த முதல் வசனத்தோட சண்டை இல்லை. அதைச் சொன்னவங்க வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் தேடிப் பார்த்துட்டு வந்து சொல்ற ரெண்டாவது வசனம் இருக்கே, அதோடதான். "என்ன சார் இது, உருப்படியா ஒரு ரிசார்ட் இல்லை. உள்ளே போக பர்மிட் கேக்கறாங்க. கப்பல்ல இடம் இல்லை. சரக்கும் கிடையாதாம். இதையே மாலத்தீவு மாதிரி டெவலப் பண்ணியிருந்தா எப்படி இருக்கும்!"

ஆணி புடுங்குற இடத்துல ஒரு நண்பர் இதைச் சொன்னப்ப சிரிச்சுட்டு வந்துட்டேன். கோயமுத்தூர்ல ஒரு டிராவல்ஸ்காரர் சொன்னப்பவும் தலையாட்டி வெச்சேன். கடைசியில தங்கமணியும் அதையே சொன்னப்பதான் (வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி!) சரி, இதுக்கு மேலயும் சும்மா இருக்கக் கூடாதுன்னு உட்கார்ந்து எழுதறேன்.

முதல்ல அளவு. லட்சத்தீவுன்னு பேர்ல லட்சம் இருக்கே ஒழிய தீவுகள் 36தான். அதுல மக்கள் வாழறது 10. எல்லாத்தையும் சேர்த்து வெச்சா மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். அதுல பதிமூணுல ஒரு பங்கு, அதுவும் கடல் நடுவுல துண்டு துண்டா. ரிசார்ட் வரணும்னு எல்லாரும் ஆசைப்படற கடமத் தீவு சுமார் 9 கிலோமீட்டர் நீளம். அகலம்னு பார்த்தா ரொம்ப அகலமான இடத்துலயே அரை கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஒரு பக்கக் கரையில நின்னு கத்தினா அந்தப் பக்கக் கரையில கேக்கும்னு வெச்சுக்குங்களேன். மாலத்தீவோட நிலப்பரப்பு இதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல. ஆயிரத்து நூத்திச் சொச்சம் தீவு. அதனால "அது மாதிரி இது"ன்னு ஆரம்பிக்கும்போதே கணக்கு இடிக்குது.

(ஒரு கொசுவத்தி: 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தத் தீவுகள் சென்னை மாகாணத்துலதான் இருந்துச்சு. பாதி மலபார் மாவட்டத்தோட, பாதி தென் கன்னட மாவட்டத்தோட. அதுக்கப்புறம்தான் யூனியன் பிரதேசம். "லட்சத்தீவு"ன்னு அதிகாரபூர்வமாப் பேர் வெச்சதே 1973ல. ஆக, "நம்ம லட்சத்தீவு"ன்னு சொல்ல நமக்கு ஒரு பழைய பாத்தியதை உண்டுன்னு வெச்சுக்கலாம். ஹிஹி.)

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். தண்ணி. நீங்க நினைக்கிற அந்தத் தண்ணி இல்லை, குடிக்கிற தண்ணி.

அங்கே ஆறு கிடையாது, ஏரி கிடையாது, மலையும் கிடையாது. மழை பெய்யும், நல்லாவே பெய்யும். அந்த மழைத்தண்ணி பவள மணல்ல இறங்கி, அடியில இருக்கிற கடல் தண்ணி மேல ஒரு மெல்லிசான படலமா மிதந்துக்கிட்டு இருக்கும். உப்புத் தண்ணியை விட நல்ல தண்ணி லேசு, அதனால மேல நிக்குது. அம்புட்டுதான் அந்த ஊரோட நிலத்தடி நீர். கிணத்துல கடல் ஏறி இறங்குறதுக்கு ஏத்த மாதிரி தண்ணி மட்டமும் ஏறி இறங்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினா அடியில இருக்கிற உப்புத் தண்ணி மேல வந்துடும். ஒரு தடவை உப்பாச்சுன்னா மழை பெஞ்சு பெஞ்சு சரியாக நாளாகும். இதுல கக்கூஸ் தொட்டியும் அதே மணலுக்குள்ளதான். கிணத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரம் விட முடியும், அரை கிலோமீட்டர் அகலத்துல?

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? நம்ம பள்ளிக்கரணையில இருக்கிற தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போற ரோட்டுல எத்தனையோ பேர் அந்த வாசலைத் தாண்டி தினமும் போறோம், உள்ளே என்ன நடக்குதுன்னு யாரு கண்டா. 2005ல கவரத்தியில இவங்க ஒரு ஆலை வெச்சாங்க. தத்துவம் ரொம்ப எளிமை. கடலோட மேல்தண்ணி 28 டிகிரி வாக்குல வெதுவெதுன்னு இருக்கும். அதைக் காத்தழுத்தம் ரொம்பக் குறைவா இருக்கிற தொட்டிக்குள்ள விட்டா, அடுப்பே இல்லாம கொஞ்சம் ஆவியாகும். முந்நூத்தம்பது மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கினா அங்கே தண்ணி 12 டிகிரி வாக்குல ஜில்லுன்னு இருக்கும். அந்தக் குளிர்ச்சியில ஆவியைத் தண்ணியாக்கிக்கலாம். தீவைச் சுத்தி கடல் சடார்னு ஆழமாகிறதால இந்தக் குழாய் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 2011ல மினிக்காய், அகத்தியிலயும் வெச்சாங்க. அப்புறம் மத்த தீவுகளுக்கும் போச்சு.

இப்ப தங்கமணியோட நான் உட்கார்ந்து போட்ட கணக்கு. கவரத்தியில அப்ப வெச்ச ஆலையோட திறன் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்கெடுப்புப்படி கவரத்தி மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம். தலைக்கு 9 லிட்டர் வருது. குடிக்க, சமைக்க சரியா இருக்கும். சரி, ரிசார்ட்ல தங்கற ஒருத்தர் கடல்ல விளையாடிட்டு வந்து உப்புப் போக ஷவர்ல நிக்கறார். நிமிஷத்துக்கு எட்டுல இருந்து பத்து லிட்டர்னு வெச்சா, பத்து நிமிஷத்துக்கு 80-100 லிட்டர். அதாவது ஒரே ஒரு குளியல், ஒரு தீவுல ஒன்பது பத்து பேரோட அன்னிக்குக் குடிதண்ணிப் பங்கு. நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடல்ல இறங்குவோம்? எத்தனை தடவை குளிப்போம்? துண்டு, விரிப்பு துவைக்கிறது, நீச்சல்குளம் (கடலுக்குப் பக்கத்துல நீச்சல்குளம் கட்டறதை மட்டும் எனக்குப் புரிய வைக்கவே முடியாது) இதெல்லாம் தனி.

"ரிசார்ட்காரன் அவனுக்கு வேணுங்கற தண்ணியை அவனே தயார் பண்ணிக்குவான்ல?" - இது தங்கமணி. நியாயமான கேள்விதான். பண்ணிக்குவான். மாலத்தீவுல அப்படித்தான் பண்றாங்க. அதுக்குக் கரண்டு வேணும். லட்சத்தீவுல கரண்டு பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்ல இருந்துதான் வருது. அந்த டீசல் பீப்பாய் பீப்பாயா கரையிலிருந்து வருது. உப்பெடுத்த மிச்சத் தண்ணியை எங்கே விடறது? கழிவை எங்கே விடறது? குப்பையை? பக்கத்துல இருக்கிறது ஒரே ஒரு இடம், அந்த நீலத் தண்ணி.

மாலத்தீவுக்காரங்களை நான் மட்டம் தட்டலை. 1972ல முதல் ரிசார்ட் ஆரம்பிச்சு, மீனும் தேங்காயும் மட்டுமே இருந்த ஒரு நாடு தன் காலுல நின்னது பெரிய விஷயம். 2024ல 20 லட்சம் பேருக்கு மேல போயிருக்காங்க, அவங்க மக்கள்தொகையைப் போல பல மடங்கு. ஆனா அதுக்குக் கொடுத்த விலையும் கண்ணு முன்னாடி இருக்கு. திலாஃபுஷின்னு ஒரு தீவு, 1990களின் தொடக்கத்திலிருந்து குப்பை கொட்டிக் கொட்டியே கடல்ல உருவாக்கின தீவு. 2014 டிசம்பர்ல தலைநகர் மாலேயோட குடிநீர் ஆலையில தீப்பிடிச்சப்ப ஒரு லட்சம் பேர் வாழற ஊர்ல குழாயில தண்ணி வரலை. இந்தியாவுலேர்ந்து விமானத்துல, கப்பல்ல தண்ணி அனுப்பினாங்க. அப்புறம், ரொம்ப காலத்துக்கு அங்கே ரிசார்ட் தீவு வேற, ஜனங்க தீவு வேற. வேலைக்குப் போற உள்ளூர்க்காரரைத் தவிர மத்தவங்களுக்கு ரிசார்ட் தீவு வேற நாடு மாதிரி. 2009-10 வாக்குல சட்டத்தைத் தளர்த்தின பிறகுதான் ஜனங்க வாழற தீவுகள்ல சின்னச் சின்ன விருந்தினர் விடுதிகள் வந்து, காசு கொஞ்சம் ஊருக்குள்ள புரள ஆரம்பிச்சது.

அதுவும் ஆளில்லாத் தீவுகள் ஆயிரம் கையில இருக்கிறதால அவங்களால "இது விருந்தாளிக்கு, இது நமக்கு"ன்னு பிரிக்க முடிஞ்சது. இங்கே பிரிக்க என்ன இருக்கு? 2023 ஜனவரியில தாஜ் பேர்ல சுஹேலியிலயும் கடமத்துலயும் ரெண்டு ரிசார்ட் வரப்போறதா அறிவிப்பு வந்தது, தீவுக்கு 110 அறை, அதுல தண்ணி மேல கட்டற வில்லாக்களும் சேர்த்தி. சுஹேலி ஆளில்லாத் தீவு. கடமத் அப்படி இல்லை. 2011லயே அஞ்சாயிரம் பேருக்கு மேல வாழற ஊர்.

பர்மிட்டுக்கு வருவோம். "நம்ம நாட்டுக்குள்ள போறதுக்கே பர்மிட்டா?"ன்னு அலுவலக நண்பர் பொங்கினார். ஐயா, 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தானே போறீங்க? அதுவும் எப்ப வந்துச்சு? எல்லாம் நாறினதுக்கப்புறம், உயர் நீதிமன்றம் தலையிட்டு. லட்சத்தீவுல 1967லயே வெளியாள் நுழைய, தங்க விதி போட்டாச்சு. அங்கே கிட்டத்தட்ட எல்லாருமே பட்டியல் பழங்குடி. வெளியூர்க்காரன் போய் நிலம் வாங்கிப் போட முடியாது. எனக்குத் தெரிஞ்சு கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே கதவு போட்ட சுற்றுலா இடம் நம்ம நாட்டுல ரொம்பக் குறைச்சல். அந்தக் கதவைத்தான் நாம 'டெவலப்' ஆகலைன்னு திட்டிக்கிட்டிருக்கோம். மாஞ்சோலையோ ஏற்காடோ, நமக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு மலையை நினைச்சுப் பாருங்க, 1967லேர்ந்து கதவு போட்டிருந்தா இன்னிக்கு எப்படி இருந்திருக்கும்னு.

இந்த இடத்துல ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு, அதை மழுப்பக் கூடாது. "நீங்க கோயமுத்தூர்ல ஏசியில உட்கார்ந்துக்கிட்டு தீவு தீவாவே இருக்கணும்னு சொல்வீங்க. அங்கே இருக்கிற பையனுக்கு வேலை வேண்டாமா?" வேணும். கண்டிப்பா வேணும். தேங்காயும் சூரை மீனும் அரசாங்க வேலையும் விட்டா அங்கே வேற பெருசா ஒண்ணும் இல்லை. நிறையப் பேர் சுற்றுலா வரட்டும்னுதான் சொல்றாங்க. ஆனா எப்படி வரணும்கறதை அவங்க சொல்லணும். 2021ல வளர்ச்சி ஆணையம்னு ஒரு வரைவு விதி வந்தப்ப, திட்டத்துக்குன்னு சொல்லி எங்க நிலத்தை எடுத்துக்க முடியுமேன்னு தீவு முழுக்கக் கொந்தளிச்சாங்க. வீட்டுக்குள்ளயே உண்ணாவிரதம் இருந்து எதிர்ப்பைக் காட்டின ஜனங்க அவங்க. வளர்ச்சி வேண்டாம்னு சொல்ற ஆளுங்க மாதிரி எனக்குத் தெரியலை. எங்க வீட்டுத் திண்ணையில விருந்தாளி உட்காரலாம், ஆனா திண்ணை எங்களுதா இருக்கணும்னு சொல்ற மாதிரிதான் பட்டது.

சூரைன்னு சொன்னேன்ல. மினிக்காய்ல சூரை பிடிக்கிறது தூண்டில்ல, ஒவ்வொண்ணா. அதுக்கு முன்னாடி காயல்ல, பவளப் பாறைகளுக்கு நடுவுல இருக்கிற சின்ன இரை மீனை உயிரோட பிடிச்சு வெச்சுக்கணும். கடல்ல சூரைக் கூட்டத்தைப் பார்த்ததும் இந்த இரை மீனை வீசினா, கூட்டம் பைத்தியம் பிடிச்ச மாதிரி மேல வரும், மடமடன்னு தூண்டில்ல இழுப்பாங்க. பிடிச்ச சூரையை வேக வெச்சு, புகை போட்டு, காய வெச்சா அதுதான் மாசி. நம்ம தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் தேங்காய்த் துவையல்ல இடிச்சுப் போடுவாங்களே, இலங்கைத் தமிழர்கள் சம்பல்ல போடுவாங்களே, அதே மாசி. பவளம் செத்தா இரை மீன் போச்சு; இரை மீன் போனா தூண்டிலும் போச்சு, மாசியும் போச்சு. 1998, 2010, 2016, அப்புறம் 2024ன்னு கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப் போனது ஏற்கெனவே அங்கே நடந்திருக்கு. பங்காரம் பக்கத்துல பறளின்னு ஒரு ஆளில்லாத் திட்டு. 1960கள் வரைபடத்துல இருந்தது, 2017ல ஆய்வு பண்ணினப்ப கடலுக்கடியில போயிருந்துச்சு. இது நம்ம ரிசார்ட்டால நடந்தது இல்லை, உலகம் முழுக்க விட்ட புகையால. ஆனா காய்ச்சல்ல படுத்திருக்கிறவன் நெஞ்சு மேல ஏறி உட்காரணுமான்னுதான் கேக்கறேன்.

சரி, வியாக்கியானம் போதும். கடைசியில எங்க வீட்டுல என்னதான் முடிவாச்சு?

தங்கமணியோட எக்செல் ஷீட்ல மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, கொச்சியிலிருந்து சின்ன விமானத்துல அகத்தி போய் அங்கிருந்து பங்காரம். பங்காரம்தான் மது அனுமதிச்ச ஒரே தீவு, நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் சிபாரிசு பண்ணினாங்க (ஏன்னு சொல்லணுமா). ரெண்டு, ஏதாவது ஒரு தீவுல விடுதியில தங்கறது. மூணு, அரசாங்கம் பல வருஷமா நடத்திட்டு வர்ற 'சமுத்திரம்' கப்பல் பயணம்: கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பல், அஞ்சு நாள், கவரத்தி, கல்பேனி, மினிக்காய். பகல்ல தீவு, ராத்திரி தூக்கம் கப்பல்லயே.

எல்லாரும் கிண்டல் பண்றது இந்த மூணாவதைத்தான். "அரசாங்க டூரா? எட்டு மணிக்கு விசில் அடிச்சுக் கூட்டிட்டுப் போய் சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து விடுவானே, ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் மாதிரி." எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ராத்திரி கப்பல்ல படுக்கிறதால எங்க குளியலும் துவையலும் அந்தத் தீவோட கிணத்து மேல ஏறாது. உள்ளூர் ஆளுங்க சமைச்ச சாப்பாடு, உள்ளூர் ஆளுங்க ஓட்டற படகு. சாயங்காலம் நாங்க கிளம்பினதும் அவங்க கடற்கரை அவங்களுக்கு. இவ்வளவு நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு திட்டம் எனக்குத் தோணலை. வடிவமைச்ச ஆள் யாரோ, தண்ணியைப் பத்தி யோசிச்சாரோ இல்லையோ, பலன் அதுதான்.

ஆனா கப்பல்ல ஒரு பிரச்சினை இருக்கு. அது எங்க வீட்டுல ரெண்டு நாள் ஓடின விவாதம். அந்தக் கப்பல் டூரிஸ்டுக்கு மட்டுமான கப்பல் இல்லை. 700 பேர் ஏறலாம், அதுல டூரிஸ்ட் கொஞ்சம்தான். மத்தவங்களுக்கு அது பஸ்ஸு, ஆம்புலன்ஸு, கல்யாண வண்டி எல்லாமே. பெரிய வியாதின்னா கொச்சிக்கு வரணும். காலேஜ் படிக்கிற புள்ளைங்க கரையில. கப்பல் பழுதானா, டிக்கெட் கிடைக்கலைன்னு தீவுக்காரங்க போராட்டம் பண்ணின செய்தி எத்தனையோ தடவை வந்திருக்கு. நாம லீவுக்கு எடுக்கிற படுக்கை, டயாலிசிஸுக்கு வர்ற ஒருத்தரோட படுக்கையா இருந்தா? "அப்ப போகவே வேண்டாம்னு சொல்றீங்களா?"ன்னு தங்கமணி நேராக் கேட்டா. அப்படியும் சொல்ல மனசு வரலை. சுற்றுலாவுக்குன்னு ஒதுக்கின இடம் அது, அந்த வருமானமும் அங்கே வேணும். ஆனா எப்ப போறதுங்கறது நம்ம கையில இருக்கு. ஏப்ரல், மே வேண்டாம். லீவுக்கு அவங்க பசங்க வீட்டுக்குப் போற நேரம். நோன்புப் பெருநாள், பக்ரீத்தை ஒட்டி வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், கடல் நம்மளையே வேண்டாம்னு சொல்லிடும். மிச்சம் அக்டோபர் கடைசியிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும். பொண்ணோட அரைப்பரீட்சை லீவுல போறதா, ஜனவரியில ரெண்டு நாள் மட்டம் போட வைக்கிறதான்னு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. (பொண்ணு மட்டம் போடற கட்சி. சொல்லவே வேண்டாம்.)

அத்தை வரலை. அதுக்குக் காரணம் கொள்கை இல்லை, முட்டி. பெரிய கப்பல் தீவு வரைக்கும் போய் ஒட்டி நிக்காது. பவளத் திட்டுக்கு வெளியே நின்னுடும், அங்கிருந்து சின்னப் படகுக்கு மாறணும். படகு அலையில மேலயும் கீழயும் ஆடிக்கிட்டிருக்கும். சரியான நேரத்துல கால் வைக்கணும், ஆளுங்க கையைப் பிடிச்சு இழுத்துக்குவாங்க. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல, முட்டி தேய்ஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதை முன்னாடியே யோசிச்சுக்குங்க. எந்த விளம்பரத்துலயும் இது இருக்காது. வாந்திக்கு அவோமின் மறக்காதீங்க. கப்பல்ல பதினாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

பையில என்னங்கறதுல சண்டையே இல்லை. முழுக்கை நீச்சல் சட்டை மூணு பேருக்கும். முதுகு பூரா சன்ஸ்கிரீன் பூசிட்டு இறங்கினா அதுல பாதி தண்ணியிலதான் போகும். பவளத்துக்கு ஆகாதுன்னு சில ரசாயனங்களை ஹவாய்ல 2021லேர்ந்து விக்கவே விடறதில்லை. அப்புறம், எடுத்துட்டுப் போற பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பக் கோயமுத்தூர் வரும். பிஸ்கட் கவர் உட்பட. பவளம் மேல நிக்கறதில்லை, ஒரு துண்டு கூட எடுத்துட்டு வர்றதில்லைன்னு பொண்ணுகிட்ட சத்தியம் வாங்கியாச்சு. கல்பேனியில 1847 புயல்ல கரையில ஒதுங்கின பவளக் கல்லு குவிஞ்சு கிடக்கும், அதைப் பார்த்தா அவளுக்குக் கை அரிக்கும்னு எனக்குத் தெரியும்.

நாகர்கோவிலுக்கு போன் போட்டு அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏல மக்கா, அங்கன என்னத்துக்கு இம்புட்டு யோசனை? ஒக்கி புயல்ல அடிச்சுட்டுப் போனப்ப நம்ம பயலுவளுக்குக் கஞ்சி ஊத்தின ஊருல்லா அது." 2017 கடைசியில ஒக்கி வந்தப்ப, குமரி மாவட்டத்துலேர்ந்து ஆழ்கடலுக்குப் போன படகுகள் பலது திக்கு தெரியாம லட்சத்தீவுல போய் ஒதுங்கிச்சு. தீவுகளும் அதே புயல்ல அடி வாங்கியிருந்த நேரம். வீடு சேதம், தென்னை சாய்ஞ்சு கிடக்கு, கிணத்துல கடல் தண்ணி. அந்த நிலைமையிலயும் வந்தவங்களுக்குச் சோறும் துணியும் கொடுத்தாங்க. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கேட்டா இன்னிக்கும் சொல்லுவாங்க. தங்கமணிகிட்ட நான் ரெண்டு நாளா புள்ளிவிவரத்தோட மல்லுக்கட்டினது ஒரு பக்கம்; ஸ்பீக்கர்ல அப்பா பேசினதைக் கேட்டுட்டு எக்செல்ல பங்காரம் வரியை அவளே அழிச்சது இன்னொரு பக்கம்.

இப்ப நிலவரம்: கப்பல் தேதிக்காகக் காத்திருக்கோம். கப்பல் பராமரிப்புக்குப் போனா பயணமே தள்ளிப் போகும்கறதால, தேதி உறுதியாகாம ஆபீஸ்ல லீவும் சொல்ல முடியலை. விதிமுறை, பர்மிட் நடைமுறை எல்லாம் அப்பப்ப மாறுது, அதனால போக நினைக்கிறவங்க பழைய பதிவுகளை நம்பாம நேரா கொச்சி வில்லிங்டன் தீவுல இருக்கிற லட்சத்தீவு நிர்வாக அலுவலகத்துலயே கேட்டுக்குங்க.

மினிக்காய் போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா ரெண்டு சந்தேகம். 1885ல கட்டின கலங்கரை விளக்கத்து மேல ஏற விடறாங்களா? அப்புறம், மாசி அங்கேயே வாங்கலாமா, எவ்வளவு கொண்டு வர விடுவாங்க? அப்பா ரெண்டு கிலோ கேட்டிருக்கார்.